பனிச்சிகரங்களில் அந்தி வெயில்: பயணத்தின்போது படமெடுப்பது எப்படி?

கேள்வி – வழிநடை

அனைவருக்கும் வணக்கம். வரும் குளிர்காலத்தில் பனி மூடிய மலைத்தொடரை ஒட்டிய ஊர்கள் சிலவற்றின் வழியே பயணம் செய்ய இருக்கிறேன். என்னிடம் இருப்பவை, ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட ஒரு மிரர்லெஸ் கேமரா, அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ், கைப்பேசி, முதுகுப்பைக்குள் அடங்கிவிடும் சிறிய டிரைபாட் ஆகியவை மட்டுமே. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் ஓரளவு மனநிறைவு தருகின்றன; பொழுது சாயும் வேளையில்தான் கேமராவும் நானும் ஒத்துப்போவதில்லை. சிகரத்தின் தலையில் பொன்னும் ரோஜா நிறமுமாக வெயில் நிற்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. கேமராவின் திரையிலோ, ஒன்று பனி முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடுகிறது, அல்லது வெளிச்சத்தைக் கூட்டியதும் அடிவாரம் தெளிவாகி உச்சியின் நிறம் வெளுத்துப்போகிறது.

இத்தகைய காட்சிக்குச் சரியான எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு, எது என்பதை எப்படி முடிவு செய்வது? பாதி கறுப்பும் பாதி தெளிவுமாக விற்கப்படும் கிராஜுவேட்டட் ஃபில்டர்களை வாங்கினால் பயன் உண்டா? சூரியன் மறைவதாகச் செயலிகள் காட்டும் நேரத்துக்கு எவ்வளவு முன்னதாக இடத்தில் இருக்க வேண்டும்? குழுவோடு செல்வதால் ஓரிடத்தில் நெடுநேரம் காத்திருக்கும் வசதி இருக்காது என்பதையும், சுமை கூடினால் நடை கெட்டுவிடும் என்பதையும் கருத்தில் கொண்டு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி – செக்கர்

வணக்கம், வழிநடை. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு குறைகளுக்கும் காரணம் கேமராவின் ஒளிமானிதான். ஆனால் அது இரண்டு சூழல்களில் இரண்டு விதமாக ஏமாறுகிறது என்பதால் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

எதிரே இருப்பது பனியா, கரும்பாறையா என்பதை ஒளிமானி அறியாது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்ற அனுமானத்தில்தான் அது கணக்குப் போடுகிறது. புதிதாகப் பெய்த பனியோ தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். எனவே படச்சட்டம் நிறையப் பனி இருக்கும்போது, வெளிச்சம் அளவுக்கு மீறிவிட்டது என்று கொண்டு கேமரா அதைக் குறைத்துவிடுகிறது, வெள்ளை சாம்பலாகிறது. இதனால்தான் பகலில் பனியைப் படமெடுப்பவர்கள் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +1 முதல் +2 ஸ்டாப் வரை கூட்டி வைக்கிறார்கள். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது.

அந்தியில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் படம் கெட்டுவிடும். அந்நேரத்தில் வெயில் சிகரத்தின் மேற்பகுதியில் மட்டுமே நிற்கிறது. கீழே உள்ள சரிவுகளும் பள்ளத்தாக்கும் முன்புறப் பனியும் நிழலில் கிடக்கின்றன, அவற்றுக்கு வானத்தின் நீல ஒளி மட்டுமே கிடைக்கிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு ஒளிகள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே மூன்று நான்கு ஸ்டாப் வேறுபாடு இருப்பது மிகவும் சாதாரணம். சட்டத்தின் பெரும்பகுதி நிழலாக இருப்பதால் ஒளிமானி இப்போது வெளிச்சம் போதவில்லை என்று கருதிக் கூட்டிவிடுகிறது, உச்சியின் நிறம் கழுவிவிடப்படுகிறது. ஆகவே பிற்பகலில் +1.5 கேட்ட அதே மலை, அந்தியில் –1 கேட்கக்கூடும்.

நான் செய்வது இதுதான். ஒளியளவை, சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறைக்கு மாற்றி, வெயில் விழும் பனியின் மேல் நடுப்புள்ளியை வைத்து அளந்து, அந்த அளவைவிட ஒரு ஸ்டாப் அல்லது ஒன்றரை ஸ்டாப் மட்டும் கூட்டி, எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் முறையில் அதை நிலைநிறுத்திவிடுகிறேன். பிறகு சட்டத்தை எப்படி மாற்றியமைத்தாலும் எக்ஸ்போஷர் அலைபாயாது. வெயில் இறங்க இறங்க ஷட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டால் போதும். 55 மி.மீ. லென்ஸில் ஸ்பாட் வட்டத்தை நிரப்பாத அளவுக்குச் சிகரம் தொலைவில் இருந்தால், காம்பென்சேஷனைக் குறைத்து ஒரு படம் எடுத்து, படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஹிஸ்டோகிராம் விஷயத்தில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் முதலில் காட்டும் வெள்ளை நிற வரைபடம் மொத்த ஒளிர்வைக் குறிப்பது. அதில் பச்சை நிறத்தின் பங்கே அதிகம். அந்தி வெயில் படிந்த பனியில் சிவப்பு ஓங்கியிருப்பதால், வெள்ளை வரைபடம் வலப்புறச் சுவரை, அதாவது வெளிச்சத்தின் உச்ச எல்லையை, தொடாமல் பத்திரமாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் சுவரில் மோதி நின்றுவிடும். அப்படி மோதியபின் பச்சையும் நீலமும் மட்டுமே தொடர்ந்து ஏறும் என்பதால், ரோஜா நிறம் மஞ்சளாகத் திரிந்து, பனியின் மேடுபள்ளங்கள் மறைந்து, தட்டையான ஒரு பட்டையாகிவிடுகிறது. சிகரத்தின் நிறம் வெளுப்பதாக நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அமைப்புகளில் தேடி, மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தை இயக்கிக்கொண்டு, சிவப்பை மட்டும் கவனியுங்கள்.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) தானியங்கியில் விடாமல் பகல் வெயிலுக்குரிய நிலையில், அதாவது ஏறத்தாழ 5500 கெல்வினில் வைப்பது நல்லது. தானியங்கி முறை சிவப்பைக் குறையாக எண்ணித் திருத்த முயலும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் களத்தில் திரையில் தெரியும் நிறமே அடுத்த படத்தைப் பற்றிய உங்கள் முடிவைத் தீர்மானிக்கிறது.

அடிவாரம் இருண்டுபோகுமே என்று கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. நிழலில் கிடக்கும் பனி நீலமாகவும் அடங்கியும் இருப்பதால்தான் மேலே உள்ள நெருப்பு நிறம் எடுபடுகிறது. இரண்டையும் ஒரே அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்ட படங்களில் அந்தி இருப்பதில்லை.

மறுமொழி – வடமேற்கு

செக்கர் அவர்கள் கேமராவைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அதற்கு ஒரு படி முந்தையதைச் சொல்கிறேன்: நீங்கள் காணப்போகும் மலையின் எந்த முகம் உங்களை நோக்கி இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே நிலப்படத்தில் பார்த்துவிடுங்கள். இது தெரியாமல் சென்றால் எத்தகைய எக்ஸ்போஷரும் கைகொடுக்காது.

புகழ்பெற்ற பனிச்சிகரப் படங்களில் கணிசமானவை விடியலில் எடுக்கப்பட்டவை. சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலிருந்து பார்க்கும்போது 4478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் தென்மேற்கே நிற்கிறது. ஊரை நோக்கி இருப்பவை அதன் கிழக்கு, வடக்கு முகங்கள். காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். குளிர்கால அந்தியில் சூரியன் மலைக்குப் பின்புறமாக இறங்குவதால், செர்மாட்டில் நிற்பவருக்குக் கிடைப்பது கரிய வடிவமும் அதன் விளிம்பில் ஓடும் ஒளிக்கோடும் மட்டுமே. தென் அமெரிக்காவின் படகோனியாவில் எல் சால்டென் ஊரிலிருந்து தெரியும் ஃபிட்ஸ் ராய் சிகரத்தின் கதையும் இதுவே. அந்தியில் சிவக்கும் முகம் வேண்டுமானால், மேற்கு நோக்கிய சுவரைக் கொண்ட மலையைத் தேர்ந்து, சூரியனுக்கு முதுகு காட்டியோ பக்கவாட்டிலோ நிற்கும்படி இடம் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஒளியே எனக்கு அதிகம் பிடிக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக விழும் ஒளி நிறத்தைத் தரும், ஆனால் மலையின் மடிப்புகளைத் தட்டையாக்கிவிடும்.

சூரியன் மறையும் திசையும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆல்ப்ஸ் மலைகள் அமைந்துள்ள 46 டிகிரி அட்சரேகையில் கோடையின் நடுவில் வடமேற்கிலும் குளிர்காலத்தின் நடுவில் தென்மேற்கிலும் மறைகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 டிகிரி வேறுபாடு. இமயமலையின் 28 டிகிரியிலும் இந்த வேறுபாடு 50 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆகவே யாரோ ஜூன் மாதத்தில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்துக்கு டிசம்பரில் போனால், அந்த முகத்தில் வெயிலே விழாமல் இருக்கக்கூடும். தேதியைக் கொடுத்தால் சூரியன் மறையும் திசையை நிலப்படத்தின் மேல் கோடாக வரைந்து காட்டும் செயலிகள் பல இருக்கின்றன. பயணத்துக்கு முன் அவற்றில் செலவிடும் அரை மணி நேரம் வீணாகாது.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செயலி காட்டும் நேரம், மறைப்பில்லாத சமதளத் தொடுவானத்துக்குக் கணக்கிடப்பட்டது. நீங்கள் நிற்பது பள்ளத்தாக்காக இருந்தால் மேற்கே உள்ள மலைவரம்பு வெயிலை ஒரு மணி நேரத்துக்கும் முன்னதாகவே மறைத்துவிடலாம். சிகரத்தின் தலைக்கோ நிலைமை நேர்மாறு. மேற்கே தாழ்ந்த நிலம் திறந்து கிடந்தால், 4000 மீட்டர் உயர்ந்து நிற்கும் உச்சி, சமதளத்தில் சூரியன் மறைந்த பிறகும் ஏழெட்டு நிமிடங்களுக்குக் குறையாமல் வெயிலைப் பெறும். அந்தக் கடைசி நிமிடங்களின் ஒளிதான் மிகவும் சிவந்தது. தொடுவானத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போகச் சிவப்பே மிஞ்சுகிறது.

வெயில் உச்சியை விட்டு விலகியதும் பனி சட்டென்று ஈய நிறமாகிவிடும். கூட்டத்தில் பெரும்பாலோர் அப்போதே டிரைபாடை மடக்கத் தொடங்குவார்கள். நீங்கள் நில்லுங்கள். மேற்கு வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே நான்கு டிகிரி அளவுக்கு இறங்கும்போது, அந்த வானத்தின் செவ்வொளி பனியின் மேல் மீண்டும் படியும். இது நேரடி வெயில் அல்ல என்பதால் நிழலே விழாது. மலை முழுவதும் மென்மையான இளஞ்சிவப்பில் இருக்கும். அதே வேளையில் கிழக்கே திரும்பிப் பார்த்தால், தொடுவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்று மேலெழுவதும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று படர்வதும் தெரியும். அந்தக் கருநீலம் பூமியின் நிழல். அதன் முன்னால் ஒரு பனிச்சிகரம் நின்றால், எனக்கு மேற்கு வானத்துச் சிவப்பைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

இந்த இடைவேளையின் நீளம் இடத்தைப் பொறுத்தது. பூமத்தியரேகையை ஒட்டிய உயர்மலைகளில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் எல்லாம் விரைவில் முடிந்துவிடும். 60 டிகிரி அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், சூரியன் அதில் பாதி வேகத்தில்தான் இறங்குகிறது. அங்கே நிறம் மாறுவதை ஆற அமரப் பார்க்கலாம். பொதுவாக, உச்சியை விட்டு வெயில் விலகுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இடத்துக்கு வந்து, விலகிய பின் அரை மணி நேரம் இருக்க முடிந்தால் போதும். குழுவின் அவசரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால், பின்னதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி – இருட்டறை

ஃபில்டர் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடையளிக்கவில்லை. ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் அது விருப்பத்துக்குரிய பொருளாக இருக்கவில்லை. ஃபிலிம் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வேறுபாட்டைத்தான் தாங்கும் என்பதால், மலைகளில் அந்தியைப் படமெடுத்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மலையேறியும் ஒளிப்படக் கலைஞருமான கேலன் ரோவெல், சிங்-ரே நிறுவனத்துடன் சேர்ந்து இத்தகைய ஃபில்டர்களை வடிவமைத்தது அந்தத் தேவையால்தான். இன்றைய சென்சார்கள் ரா கோப்பில் அதைவிட இருமடங்கு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கின்றன.

மலைக்காட்சியில் இந்த ஃபில்டரிடம் ஒரு குறையும் உண்டு. கடற்கரையில் தொடுவானம் நேர்க்கோடாக இருப்பதால் கறுப்புப் பகுதி வானத்தோடு நின்றுவிடும். மலையிலோ உச்சி வானத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். வானத்தை மட்டுப்படுத்தும் கண்ணாடி உச்சியையும் இருட்டாக்கும். வெயில் விழும் உச்சிக்கு அது பொருந்தலாம். வெயில் போனபின், பின்னால் உள்ள வானத்தைவிட மலை மங்கலாக இருக்கும் வேளையில், சிகரத்தின் மேல்பாதி மட்டும் கறுத்துத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். எனவே அந்தப் பணத்தையும் எடையையும் மிச்சப்படுத்திவிட்டு, டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுக்கும் பிராக்கெட்டிங் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

அடிவாரம் இருண்டால் இருக்கட்டும் என்று செக்கர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கவில்லை. சிகரத்துக்கு மட்டும் அது சரி. ஆனால் முன்புறத்தில் உறைந்த ஏரியோ, காற்று வரிவரியாகச் செதுக்கிய பனிமேடோ இருந்து, அதற்காகவே அந்த இடத்தில் நின்றீர்களானால், அதைக் கரியாக்கிவிட்டுப் படத்தின் கீழ்ப்பாதியை வீணடிப்பானேன்? சிகரத்துக்கு ஒரு படமும் முன்புறத்துக்கு ஒரு படமுமாக எடுத்துச் சேர்க்கும்போது, முன்புறத்தைச் சிகரத்தைவிட இரண்டு ஸ்டாப்பாவது தாழ்வாகவே வைத்தால் அந்தி கெடாது. அளவு தவறும்போதுதான் செக்கர் வெறுக்கும் வகைப் படங்கள் உருவாகின்றன.

வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரை இந்த வேளையில் கழற்றிவிடுவதே நல்லது. அது சூரியனுக்கு 90 டிகிரி திசையில்தான் அதிகம் வேலை செய்யும் என்பதால், 18 மி.மீ. அகலத்தில் வானத்தின் ஒருபுறம் கறுத்தும் மறுபுறம் வெளிறியும் போகும். உயரமான இடங்களில் வானம் இயல்பாகவே அடர்நீலமாக இருப்பதால், போலரைசர் அதை மேலும் கறுப்பாக்கிவிடும்.

ஒளியை அளக்கும் பழக்கத்தை மனத்திலும் ஏற்றிக்கொள்வது பயணத்தில் கைகொடுக்கும் என்பதற்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுப் படத்தைவிட நல்ல சான்று இல்லை. தொலைவில் பனி படிந்த மலைகள், மேலே நிலவு, கீழே கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகளில் கடைசி வெயில். காரில் போய்க்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்தி, 8க்கு 10 அங்குலப் பெரிய கேமராவை நிறுவினார். ஒளிமானி தேடியும் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளி அளவின் பழைய அலகு) என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்காக ஃபிலிம் பெட்டியைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. ஒளிமானியைத் தேடிக்கொண்டே இருந்திருந்தால் அந்த ஒன்றும் இருந்திருக்காது.

வழிநடை

மூவருக்கும் நன்றி. சிவப்பு வரைபடத்தைத் தனியே பார்க்கும் வசதி என் கேமராவில் இருப்பதை இப்போதுதான் தேடிக் கண்டேன். நான் செல்லும் பள்ளத்தாக்கின் ஒரு பக்கச் சுவர் மேற்கு நோக்கியது என்பதையும் நிலப்படத்தில் உறுதி செய்துகொண்டேன். மேலும் சில ஐயங்கள். ஒரே ஒரு லென்ஸைக் கூடுதலாக எடுத்துச் செல்வதென்றால், இன்னும் அகலமானதா, தொலைவுக்கானதா? கடுங்குளிரில் கருவிகளுக்கு என்னென்ன தொல்லைகள் வரும்? பயணத்தின் பெரும்பகுதி பேருந்திலும் ரயிலிலும் என்பதால், சில மாலைகளில் சன்னலோடு நிறைவடைய வேண்டியிருக்கும். உடன் வருபவர்கள் சிவந்த மலையின் முன்னால் தங்களையும் எடுக்கச் சொல்வார்கள் என்பதும் உறுதி.

மறுமொழி – கம்பளிக்கை

குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி குளிரில் தன் முழு ஆற்றலையும் தராது. பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். அதைத் தீர்ந்துபோனதாக எண்ணிப் பைக்குள் போட்டுவிடாமல், உடம்போடு ஒட்டிய உட்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் கொஞ்ச நேரம் உழைக்கும். ஆகவே இரண்டு பேட்டரிகளாவது வேண்டும்; ஒன்று கேமராவில் இருக்கையில் மற்றது உடற்சூட்டில் இருக்கட்டும். கைப்பேசிக்கும் இதுவே பொருந்தும். ஐஃபோனுக்கு ஆப்பிள் நிறுவனம் குறிப்பிடும் பயன்பாட்டு வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதையும், சூரியன் போனதும் பனிவெளி விரைவாகக் குளிரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

குளிரைவிட, குளிரிலிருந்து சூட்டுக்குள் வருவதே கேமராவுக்கு ஆபத்து. சில்லிட்ட கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுவந்தால், அறைக்காற்றின் ஈரம் அதன் மேலும், சில வேளைகளில் லென்ஸின் உள்ளேயும் நீராகப் படியும். வெளியே இருக்கும்போதே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அறைக்குள் வந்தபின் அது அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். கார்டை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், படங்களைப் பார்க்கும் ஆசையில் எல்லாரும் பையைத் திறந்துவிடுவார்கள் என்பதுதான். வெளியில் இருக்கும்போது லென்ஸின் மேல் விழுந்த பனித்துகளை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் உறைந்துவிடும். சிறு தூரிகை ஒன்று போதும்.

டிரைபாடைப் பனியில் நிறுத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கால்களை முழுவதும் விரித்து நிறுத்திவிட்டு அழுத்தினால், அவை பனிக்குள் இறங்க இறங்க மேலும் அகல முயன்று, மேலே உள்ள மூட்டுகளை நெருக்கும். சிறிய டிரைபாடுகள் அங்கேதான் முறியும். கால்களைச் சற்றுக் குறுக்கியே வைத்து உள்ளே அழுத்தி, பனி கெட்டிப்பட்டு நிற்கும் ஆழம் வந்தபின் சமன் செய்யுங்கள். அதற்கு முன்பு அந்த இடத்தைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, ஆனால் சட்டத்துக்குள் வரப்போகும் பனியில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். வெயில் இருக்கும்வரை, எஃப்/8 லென்ஸ் துளையிலும் ஐஎஸ்ஓ 100 உணர்திறனிலும் 1/60 விநாடியை ஒட்டிக் கிடைக்கும் என்பதால், கை அதிர்வைத் தணிக்கும் வசதி உள்ள லென்ஸாக இருந்தால் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். வெயில் போனபின் கால் விநாடி, அரை விநாடி என்று நீளும்போதுதான் டிரைபாட் தேவைப்படும். அப்போது இரண்டு விநாடி டைமரை இயக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

நிழல் சூழ்ந்த வெறும் பனியில் ஆட்டோஃபோகஸ் பிடிப்பின்றித் திணறும். பாறையும் பனியும் சந்திக்கும் கோட்டில் ஃபோகஸ் செய்து, கைமுறைக்கு மாற்றிவிட்டால் சிக்கல் இல்லை. இருள் சூழ்ந்ததும் கேமராவின் திரை உண்மையைவிடப் பிரகாசமாகத் தோன்றும். அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைக்கத் தொடங்கினால் எல்லாப் படங்களும் இருண்டிருக்கும். திரையைக் குறைந்த ஒளிர்வில் வைத்துக்கொண்டு, முடிவை வரைபடத்திடம் விட்டுவிடுங்கள். வண்ணக் கண்ணாடி அணிந்தபடி நிறத்தைப் பற்றி முடிவெடுப்பதும் வேண்டாம்.

திரும்பும் வழி இருட்டில் இருக்கும் என்பதால் தலைவிளக்கு கட்டாயம். நல்ல கோணத்துக்காக மலைவரம்பின் விளிம்பை நெருங்குகிறவர்கள், காற்று அடித்துச் சேர்த்த பனி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் கூரைபோல் நீண்டிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தரையாகவே தெரியும். பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் சாலையோரத்திலிருந்து கிடைக்கும் படமே நல்ல படம்.

மறுமொழி – செக்கர்

இருட்டறை சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். முன்புறம் படத்தின் பாதியாக இருக்கும்போது இரண்டு ஸ்டாப் தாழ்வு என்பது நல்ல அளவு.

லென்ஸ் ஒன்றுதான் என்றால், 55-250 போன்ற தொலைவு லென்ஸை எடுத்துச் செல்லுங்கள். மலை பெரியது, எனவே அகலமான லென்ஸ் வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள்; அகலம் கூடக் கூடத் தொலைவில் உள்ள சிகரம் சிறுத்து, வெறும் வானமும் வெறும் பனியுமே சட்டத்தை நிரப்பும். அந்தி வெயில் மலை முழுவதும் சீராக விழுவதும் இல்லை. ஒரு முகட்டின் ஓரத்திலும், ஒரு பனியாற்றின் வெடிப்புகளிலும், உச்சியிலிருந்து காற்றில் பறக்கும் பனித்தூளிலும் அது துண்டு துண்டாக நிற்கும். 200 மி.மீ. அளவில் அந்தத் துண்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்தால், இரண்டு ஒளிகளைச் சமன் செய்யும் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும், ஏனெனில் நிழலின் பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

கைப்பேசியில் எடுக்கும்போது, சிகரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, நிறம் திரும்பி வரும்வரை கீழ்நோக்கி இழுத்துக் குறையுங்கள். வெளிச்சம் மங்கும்போது பல கைப்பேசிகள் தொலைவு லென்ஸைக் கைவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. விவரம் குழைந்துவிடுவதற்கு அதுவே காரணம். அந்நேரத்தில் பெரிதாக்காமலே எடுத்துவிடுவது மேல்.

சன்னல் வழியே எடுப்பதானால், லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியாலோ சட்டைக் கையாலோ மூடிக்கொண்டால் உள்விளக்குகளின் எதிரொளி வராது. கண்ணாடியின் மேல் சாய்த்துவிட்டால் வண்டியின் அதிர்வு கேமராவுக்கு ஏறும், எனவே ஒரு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். தொலைவிலுள்ள சிகரத்துக்கு 1/250 போதும். பாதையோர மரங்கள் குறுக்கே வரும் என்றால் 1/1000 வரை ஏற்றி, தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்து, மரமில்லாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஐஎஸ்ஓ கூடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உடன் வருபவர்களைப் பொறுத்தவரை, வெயில் உச்சியில் மட்டும் நிற்கும்போது அவர்கள் நிழலில்தான் இருப்பார்கள். மலைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கறுக்கும், முகத்துக்கு வைத்தால் மலை வெளுக்கும். ஒன்று, அவர்களைச் சிறிய உருவங்களாக, முகம் மலையை நோக்கித் திரும்பியிருக்கும்படி நிறுத்தி, கறுத்த வடிவமாகவே எடுத்துவிடலாம். முகம் வேண்டும் என்று கேட்டால், எக்ஸ்போஷரைச் சிகரத்துக்கே வைத்துக்கொண்டு, சிறிய ஃபிளாஷைக் குறைந்த அளவில், அதன் மேல் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை ஒட்டிப் பயன்படுத்துங்கள். தாள் இல்லாமல் அடித்தால் முகம் மட்டும் நடுப்பகல் வெள்ளையில் தனித்துத் தெரியும். பனி பெய்துகொண்டிருந்தால் ஃபிளாஷ் வேண்டாம், அருகில் விழும் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் பொட்டாகப் பதிந்துவிடும்.